விளக்கைப் பார்த்து மெஷினை அறிவது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு போர்வெல் மோட்டாரின் பேனல் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அம்மா அடிக்கடி போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். மோட்டார் ஓடுகிறதா என்று போனிலேயே தெரிய வேண்டும். பேனலைத் திறந்து உள்ளே வயர் சேர்க்க எனக்குப் பயம். பேனல் விளக்கின் மேல் எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சிறு சென்சார்) ஒட்டினால் போதுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போதும். 230 வோல்ட் பக்கமே போகாமல் முடிகிற வேலை. ஆனால் முதலில் எந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று பாருங்கள். பல பேனல்களில் ஒரு விளக்கு கரண்ட் வந்ததுமே எரியும்; மோட்டார் எடுத்த பிறகு எரிவது வேறு விளக்கு. முதல் விளக்கில் ஒட்டினால் நாள் முழுக்க ‘ஓடுகிறது’ என்றே போன் சொல்லும். மோட்டாரைப் போட்டு, நிறுத்தி, மெயினையும் அணைத்து, மூன்று நிலையிலும் விளக்குகளைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேண்டியவை: நோட்எம்சியு இஎஸ்பி8266 போர்டு (வைஃபை உள்ள, புரோகிராம் எழுதக்கூடிய சிறு போர்டு) ஒன்று, 5 மி.மீ. எல்டிஆர் ஒன்று, 10 கே, 47 கே ரெசிஸ்டர் தலா ஒன்று (கே என்றால் ஆயிரம் ஓம்), கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடாக்கினால் சுருங்குவது), கறுப்பு இன்சுலேஷன் டேப், 5 வோல்ட் சார்ஜர். எல்டிஆரின் ஒரு காலை 3.3 வோல்ட்டுக்கும், மறு காலை ஏ0 பின்னுக்கும் (வோல்ட்டேஜை எண்ணாகப் படிக்கும் அனலாக் பின்) கொடுங்கள். ஏ0வுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டர். வெளிச்சம் கூடினால் எண் கூடும். 0 முதல் 1023 வரை வரும்.

எந்த ரெசிஸ்டர் என்பதை அளந்து முடிவு செய்யுங்கள். எல்டிஆரை வேறெதிலும் இணைக்காமல் விளக்கின் மேல் பொருத்தி, விளக்கு எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பொருத்தமான மதிப்பு கிடைக்கும். எரியும்போது 8 கே, அணைந்தால் 200 கே என்றால் விடை 40 கே. கடையில் கிடைக்கும் 47 கே போடலாம். அதில் எண் சுமார் 850க்கும் 170க்கும் நடுவே ஆடும். அதே இடத்தில் 10 கே போட்டால் 560, 50 என்று இடைவெளி சுருங்கிவிடும். மங்கலான நியான் விளக்குக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இனி ஒட்டுவது. இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். எல்டிஆரை ஹீட் ஷ்ரிங்க் டியூபுக்குள் நுழைத்து, முகத்துக்கு முன்னால் 5 மி.மீ. டியூப் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுருக்குங்கள். முதுகையும் கறுப்பு டேப்பால் மூடுங்கள். எல்டிஆரின் பின்பக்கம் வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, போன் டார்ச்சை எல்லாப் பக்கமிருந்தும் அடியுங்கள். எண் முன்பு இருந்ததைவிட 30க்கு மேல் கூடினால் எங்கோ வெளிச்சம் ஒழுகுகிறது.

விளக்கை மூடிவிட்டால் அம்மாவுக்கு அது தெரியாமல் போகும். பேனலைப் பார்த்துப் பழகியவருக்கு அது பெரிய குறை. அதனால் போர்டின் டி5 பின்னில் 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி இணைத்து, மோட்டார் ஓடும்போது எரியும்படி புரோகிராமில் எழுதிப் பேனல் மேலேயே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. போர்வெல் வற்றி மோட்டார் சும்மா சுற்றினாலும் விளக்கு எரியும். தண்ணீர் ஏறுகிறதா என்பதற்கு மேல்தொட்டிக் குழாயில் ஃப்ளோ சுவிட்ச் வைத்தால்தான் பதில் கிடைக்கும்.

கேள்வி: சென்சார் ஒட்டி முடித்துவிட்டேன். ஆனால் ஒரே நிமிடத்தில் ஆன், ஆஃப் என்று பத்து மெசேஜ் வருகிறது. நடுநடுவே வைஃபையும் துண்டிக்கிறது.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டுமே புரோகிராமில் திருத்த வேண்டியவை. ஏசி மின்சாரத்தில் எரியும் நியானும் சில எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஒரே ஒரு அளவை எடுத்தால் அது மேட்டில் விழுகிறதா பள்ளத்தில் விழுகிறதா என்பது அதிர்ஷ்டம். 5 மில்லி நொடிக்கு ஒன்றாக 20 அளவு எடுத்துச் சராசரி பாருங்கள். ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே எல்லை வைக்காதீர்கள்: 600க்கு மேல் போனால் ஆன், 400க்குக் கீழே வந்தால்தான் ஆஃப், நடுவில் இருந்தால் பழைய நிலையே. அதுவும் தொடர்ந்து 3 நொடி நின்ற பிறகே மெசேஜ் போகட்டும்.

வைஃபை துண்டிப்பதற்குக் காரணம் ஏ0வை இடைவெளியே விடாமல் படித்துக்கொண்டிருப்பது. இஎஸ்பி8266 சிப்புக்கு அது ஒத்துவராது. சராசரிக்கான ஒரு சுற்று முடிந்ததும் அரை நொடியாவது விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள். சென்சார் வயர் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் ஏ0வுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 104 கெப்பாசிட்டர் (0.1 மைக்ரோஃபாராட்) ஒன்று போடுங்கள். பக்கத்தில் போகும் 230 வோல்ட் வயரின் இரைச்சல் அடங்கும்.

கிழக்குப் பார்த்த ஜன்னலா? காலை ஏழு மணி வாக்கில் மட்டும் தவறு நடந்தால் வெயில்தான் காரணம். மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. டிவி ஓடுகிறதா என்று அறிய அதன் சிவப்பு விளக்கில் சென்சார் வைத்தேன். எல்லாம் தலைகீழாக வருகிறது.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நிறைய டிவிகளில் ஸ்டாண்ட்பையில்தான் சிவப்பு எரியும், படம் வந்ததும் அணையும். புரோகிராமில் தலைகீழாக மாற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. சுவர் சுவிட்சை அணைத்தாலும் விளக்கு அணையும்; அப்போதும் ‘டிவி ஓடுகிறது’ என்றே காட்டும். திரையின் கீழ் மூலையைப் பார்த்து இன்னொரு எல்டிஆர் வையுங்கள். சினிமாவில் இருட்டுக் காட்சி வரும் என்பதால், வெளிச்சம் போன பிறகும் 3 நிமிடம் காத்திருந்தே ஆஃப் என்று முடிவு செய்யட்டும். இஎஸ்பி8266இல் அனலாக் பின் ஒன்றுதான். இரண்டு எல்டிஆர் என்றால் இஎஸ்பி32க்கு மாறுங்கள். அதில் அனலாக் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு தொகுதி; 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின்களையே பயன்படுத்துங்கள். ஏடிசி2 பின்கள் வைஃபை ஓடும்போது வேலைக்கு ஆகாது.

செட்டாப் பாக்ஸில் ஒரே விளக்கு சிவப்பாகவும் பச்சையாகவும் மாறும். எல்டிஆருக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. டிசிஎஸ்34725 நிற சென்சார் வாங்கிப் போடுங்கள். போட்டோடிரான்சிஸ்டர் வேண்டாம், ரிமோட்டை அமுக்கும்போதெல்லாம் அதன் அகச்சிவப்புக் கதிரையும் வெளிச்சம் என்று எண்ணிக்கொள்ளும்.

கேள்வி: கீசர் விளக்கு அணைந்தால் கீசர் ஆஃப் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கூடாது. தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் வெட்டும், ஹீட்டிங் விளக்கும் அணையும். சுவிட்ச் ஆனில்தான் இருக்கும். ஆறியதும் மறுபடி எரியும். சுவிட்ச்போர்டில், கீசர் சுவிட்சைப் போட்டால் மட்டும் எரியும் நியான் விளக்கில் ஒட்டுங்கள். போர்டும் சார்ஜரும் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: கரண்ட் போனபோது போனில் ‘மோட்டார் ஓடுகிறது’ என்றே நின்றுவிட்டது. எப்படி?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கரண்ட்டோடு சேர்ந்து உங்கள் போர்டும் அணைந்துவிட்டது, கடைசியாகச் சொன்னது அப்படியே நிற்கிறது. போர்டையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். அதோடு, நிலை மாறாவிட்டாலும் 60 நொடிக்கு ஒருமுறை போர்டு தகவல் அனுப்பட்டும். 3 நிமிடம் எதுவும் வராவிட்டால் போனில் ஆன் என்றும் வேண்டாம், ஆஃப் என்றும் வேண்டாம், ‘தெரியவில்லை’ என்று காட்டட்டும். புயல் நாட்களில் வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் நேர்மையான பதில்.

கேள்வி: ஒவ்வொரு மெஷினுக்கும் சென்சார் வைக்காமல், மின்மீட்டரில் மின்னும் விளக்கை மட்டும் பார்த்தே எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: பெரிய மெஷின்களை முடியும். மீட்டர் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால், ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மின்னும் என்று பொருள். 1125ஐ இரண்டு மின்னலுக்கு நடுவே உள்ள நொடியால் வகுத்தால் அப்போதைய வாட் கிடைக்கும். 15 நொடிக்கு ஒன்று என்றால் 75 வாட், ஒரு சீலிங் ஃபேன் அளவு. 1.1 நொடி என்றால் சுமார் 1000 வாட். 3 கிலோவாட் கீசர் போட்டால் நொடிக்கு இரண்டு மூன்று முறை அடிக்கும். 1600 மீட்டரில் 1125க்குப் பதில் 2250. சின்ன எல்இடி பல்பையும் சார்ஜரையும் இந்த வழியில் பிரித்தறிய முடியாது.

இங்கே எல்டிஆர் வேண்டாம். வெளிச்சத்துக்கு அது ஏறி இறங்கவே 20, 30 மில்லி நொடி பிடிக்கும், குறுகிய மின்னலைத் தவறவிடும். எல்எம்393 (வோல்ட்டேஜை ஒப்பிடும் சிப்) உள்ள போட்டோடயோடு மாட்யூலை 3.3 வோல்ட்டில் ஓட்டி, டிஜிட்டல் அவுட்டை போர்டின் இன்டரப்ட் பின்னுக்கு (சிக்னல் மாறியதும் புரோகிராமை உடனே எழுப்பும் பின்) கொடுங்கள். மாட்யூலின் சொந்த பவர் எல்இடியைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள், இல்லாவிட்டால் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். மீட்டரின் சீலைத் தொடவே கூடாது. டிஸ்ப்ளேவை மறைக்காமல், எளிதில் பிய்க்கக்கூடிய களிமண் பசையால் ஒட்டி, ரீடிங் எடுக்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சில மாதங்களிலேயே அளவு தாறுமாறாக வருகிறது. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு.
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: உப்புக் காற்று. ஜம்பர் வயர் சொருகிய இடங்களில் பச்சை பூத்திருக்கும், பாருங்கள். வயர் சொருகும் பிரெட்போர்டை விட்டுவிட்டு எல்லா இணைப்பையும் சால்டர் வையுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பிரஷ்ஷை நனைத்து சால்டர் விட்டுச்செல்லும் ஃப்ளக்ஸ் பிசினைத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. எல்டிஆரின் முகத்தில் மட்டும் பூச வேண்டாம். கழற்றிய பழைய எல்டிஆரில் காட்மியம் இருக்கிறது. குப்பையோடு எரிக்காமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.