எண்ணெய் உப்பைக் கரைக்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிள் ஒன்றை உரிமத்துடன் வாங்கினேன். கூடவே கிடைத்த பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, அன்று இரவே குழலைத் துடைத்து எண்ணெயிட்டேன். ஒரே வாரத்தில் உள்ளே செந்துரு. எண்ணெய் போதவில்லையா? போல்ட்டில் (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் பாகம்) இருக்கும் எண்ணும் துப்பாக்கி உடலில் இருக்கும் எண்ணும் வேறு வேறு. அப்படியே சுடலாமா? மரப்பாகம் கறுத்துக் கிடக்கிறது. தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணெய் எவ்வளவு ஊற்றியிருந்தாலும் துரு பிடித்திருக்கும். அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்களின் ப்ரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பொட்டில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழல் முழுக்கப் படியும். சமையலுப்பைப் போலவே இதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பை அரிக்கும், எண்ணெயில் கரையாது. நீங்கள் பூசிய எண்ணெய் மேலே நின்றது, அடியில் உப்பு தன் வேலையைச் செய்தது. அதை அகற்றத் தண்ணீர்தான் வேண்டும். பிரிட்டிஷ் படையில் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுவதற்கென்றே புனல் வைத்திருந்தார்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். உப்பைப் பொறுத்தவரை அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான்.

சுட்ட அன்றே செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி, குழல்வாயைக் கீழே சாய்த்து, ரப்பர் குழாய் பொருத்திய புனலைச் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) வைத்து ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். குழாய் முக்கியம்; அது இல்லாவிட்டால் தண்ணீர் மரத்துக்கும் குழலுக்கும் நடுவே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருவைத் தொடங்கிவைக்கும். சூடேறிய குழல் தானே பெருமளவு உலர்ந்துவிடும். பிறகு துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, கரைப்பானில் நனைத்த வெண்கலத் தூரிகையை ஓட்டி, மறுபடி உலர்த்தி, கடைசியில் மெல்லிய எண்ணெய். போல்ட் முகத்தையும் குழல்வாய் விளிம்பையும் ஈரத்துணியால் துடைக்க மறந்துவிடுவார்கள். அங்கும் உப்பு உண்டு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மீண்டும் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது பிடித்திருக்கும் துருவை ஊடுருவும் எண்ணெயில் ஊறவைத்து, வெண்கலத் தூரிகையால் எடுங்கள். சிறு குழிகள் மிஞ்சலாம். குழலுக்குள் சுழலாக ஓடும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகவும் குழல்வாய் பழுதில்லாமலும் இருந்தால் குறி பெரிதாகக் கெடாது.

பழைய தோட்டாவில் இன்னோர் ஆபத்து, தாமதமாக வெடிப்பது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் போல்ட்டைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது குழலை இலக்கின் பக்கமே வைத்திருங்கள்.

இனி போல்ட். எண் பொருந்தாவிட்டால் சேகரிப்பாளரிடம் மதிப்பு குறையும், அவ்வளவுதான். சுடுவதற்கு நாம் பார்க்க வேண்டியது ஹெட்ஸ்பேஸை. இந்த ரைஃபிளின் .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு தங்க போல்ட் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவே இருக்கும் இடம்தான் ஹெட்ஸ்பேஸ். ராணுவக் கணக்குப்படி 0.064 அங்குல கேஜை (தடிமன் அளவிட்ட சோதனைத் துண்டு) வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜில் மூடக்கூடாது. விரல் எடையில் மட்டும் கைப்பிடியை இறக்குங்கள். பலம் கொடுத்து மூடினால் சோதனைக்கு அர்த்தமில்லை.

இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு பின்னோக்கி நீளும். விளிம்புக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்த இடம் மெலிந்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை அங்கேயே அறுந்து, முன்பாதி சேம்பருக்குள் மாட்டிக்கொள்ளும். நுனி வளைத்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு வருடினால் உட்பள்ளம் கைக்குத் தட்டுப்படும். சுட்ட கூடுகளில் மறுபடி மருந்து நிரப்புபவராக இருந்தால் கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். லீ-என்ஃபீல்டின் சேம்பர் தாராளமானது; ஒவ்வொரு முறையும் முழுக்கூட்டையும் இறுக்கினால் இந்த வளையம் சீக்கிரம் வரும்.

இடைவெளியைக் குறைக்க, நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட, போல்ட்டின் முனையில் மாட்டும் தலைகள் உண்டு, எண் ஏற ஏற நீளம் கூடும். ஆனால் ஒரே எண்ணிட்ட இரண்டு தலைகளே வேறுபடும் என்பதால் எண்ணை நம்பி வாங்காமல் மைக்ரோமீட்டரில் அளந்து வாங்குங்கள். தலையை மாற்றும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: போல்ட்டை உடலோடு பூட்டும், பின்னாலிருக்கும் குமிழ்கள் இரண்டின் பின்முகத்திலும் மை தடவி, கேஜ் வைத்து மூடித் திறங்கள். இரண்டிலும் மை அழிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அழிந்திருந்தால் சுமை ஒருபக்கமாக விழுகிறது. சுடுவதை நிறுத்தித் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அரத்தைத் தொடாதீர்கள், கடினப்படுத்திய மேல்பரப்பு போனால் திரும்ப வராது.

மரத்தைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள். சோதனை முத்திரைகளும் படைக் குறிகளும் மரத்தின் மேல்தோலில்தான் இருக்கின்றன. கறுப்பு, பெரும்பாலும் பழைய கிரீஸும் அழுக்கும். மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, உலரவிட்டு, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டுகள் கையில் எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள்.