தென்னை ஏற எந்தக் கயிறு, எந்த ரோப் கிராப்?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மரமேற ஆள் கிடைக்காமல் ஏறும் கருவி வாங்கி, அண்ணன் மகனே ஏறுகிறானாம். வயது 23. “மேலே போய்க் குலை வெட்டும்போது இரண்டு கையையும் விட்டுவிடுகிறான், பார்க்கவே பதறுகிறது. கடையில் 16 எம்எம் நைலான் கயிறு, ரோப் கிராப் (கயிற்றைக் கவ்வும் பிடிப்பான்), இடுப்பு பெல்ட் மூன்றும் சேர்த்து 1,900 ரூபாய் என்கிறார்கள். 2,000 கிலோ தாங்குமாம். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். மூன்றில் ஒன்றுகூட உங்கள் பையனின் வேலைக்கு ஏற்றதல்ல.

முதலில் கயிறு. நம் ஊர்க் கடைகளில் பளபளப்பான செயற்கைக் கயிறு எதுவாக இருந்தாலும் அதன் பெயர் நைலான்தான். மஞ்சள், நீலம், பச்சை நிறங்களில் தொங்குவதில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன். லாரியில் தார்ப்பாய் கட்டலாம், மாடு கட்டலாம். வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும், உராய்ந்து சூடேறினால் நைலானைவிட வெகு சீக்கிரம் உருகும். கடைக்காரரோடு வாதாட வேண்டாம். ஒரு சாண் துண்டு வெட்டி வாங்கி ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, காற்றுக் குமிழி போகும்வரை பிசைந்துவிட்டுக் கையை எடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மேலே வந்து மிதக்கும். நைலானும் பாலியெஸ்டரும் அடியில் போய் உட்காரும். கோயம்புத்தூரில் ஒரு கடையில் “அசல் நைலான், கம்பெனி சரக்கு” என்று சொல்லிக் கொடுத்த கயிற்றை வீட்டுக்கு வந்து வாளியில் போட்டேன், மிதந்தது. மரமேறும் பயிற்சிக்கு வந்த 11 பேருக்கு அந்தக் கயிற்றைத்தான் வாங்கியிருந்தார்கள்.

2,000 கிலோ என்ற கணக்கையும் நம்பி ஏமாற வேண்டாம். அது புதுக் கயிற்றை, முடிச்சில்லாமல், மெதுவாக இழுத்துப் பார்த்த எண். முடிச்சுப் போட்டாலே கால் பங்கு, சில முடிச்சில் பாதிகூடப் போய்விடும். பையனின் எடையும் ஆயுதமும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். கயிறு தளர்ந்திருந்து, 60 செ.மீ. விழுந்து, அடுத்த 10 செ.மீ.க்குள் வெடுக்கென்று நின்றால் கயிற்றில் விழும் இழுப்பு சராசரியாகவே 560 கிலோ. அந்த இழுப்பு முழுக்க வயிற்றைச் சுற்றிய பெல்ட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு ஹார்னஸ் வேண்டும். இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம், நெஞ்சில் ஒரு வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லேபிளில் ஐஎஸ் 3521 (இந்தியத் தர எண்) அல்லது இஎன் 361 (ஐரோப்பியத் தர எண்), பக்க வளையத்துக்கு இஎன் 358 என்று அச்சாகியிருக்க வேண்டும். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். லேபிள் துணியோடு தைக்கப்பட்டிருக்கும்.

ரோப் கிராப் விஷயத்தில்தான் நல்ல மனிதர்கள்கூட ஏமாறுகிறார்கள். கடையில் காட்டியது கட்டட வேலைக்கானதாகத்தான் இருக்கும். மாடியிலிருந்து தொங்கவிட்ட கயிற்றில் ஆளோடு மேலும் கீழும் ஓடி, விழுந்தால் மட்டும் பிடிக்கிற சாமான் அது. தென்னையில் மேலிருந்து கயிறு தொங்கவிட யார் இருக்கிறார்கள்? உங்கள் பையனுக்கு வேண்டியது மரத்தைச் சுற்றிப் போட்டு, சாய்ந்து நின்று, ஒரு கையால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கயிறு. கடையில் ‘ஒர்க் பொசிஷனிங் லேன்யார்ட்’, ‘அட்ஜஸ்டர் வைத்தது’ என்று கேளுங்கள். 11 முதல் 13 எம்எம் கனம், உள்ளே இழைக்கற்றை, வெளியே பின்னிய உறை, நுனியில் தைத்த கண்ணி, கூடவே அதற்கென்றே செய்த பிடிப்பான். 3 மீட்டர் போதும். அடிமரம் பருத்து, கொண்டைக்குக் கீழே மெலிவதால் ஏற ஏற நீளத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அந்தப் பிடிப்பான் வழவழவென்று ஓடி, விட்டதும் கவ்வ வேண்டும்.

கயிறும் பிடிப்பானும் ஒரே ஜோடி. 16 எம்எம்முக்குச் செய்த பிடிப்பானில் 12 எம்எம் கயிற்றைக் கோத்தால் கையால் இழுக்கும்போது பிடித்த மாதிரி இருக்கும், ஆள் எடை விழும்போது வழுக்கும். ஒரு கடையில் கயிறு, இன்னொரு கடையில் கிராப் என்று மலிவு பார்த்து வாங்கவே கூடாது. கயிற்றைச் சுற்றிக் கவ்வும் ‘ப்ருசிக்’ என்ற முடிச்சைப் போட்டுப் பிடிப்பான் செலவை மிச்சப்படுத்தலாம் என்பார்கள். முடியும், ஆனால் அதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு மரத்தில் முயல வேண்டாம்.

மேலே போன பிறகு இரண்டாவது கயிறு ஒன்று கட்டாயம். முன்பு சொன்ன லேன்யார்ட், அதாவது இடுப்புக் கயிறு, மரத்தைச் சும்மா சுற்றித்தான் இருக்கிறது. கால் நழுவினால் ஆளோடு அதுவும் கீழே சரியும். இந்த இரண்டாவது கயிற்றைக் குலைகளுக்குக் கீழே, தோள் உயரத்துக்குக் குறையாமல் மரத்தில் சுருக்காகப் போட்டு, நெஞ்சு வளையத்தில் தளர்வில்லாமல் மாட்டச் சொல்லுங்கள். எடை விழ விழச் சுருக்கு இறுகும். மட்டையில் மட்டும் கட்டக்கூடாது. பச்சையாகத் தெரிகிற மட்டைகூட ஆள் தொங்கினால் கையோடு வரும். எலிக்காகத் தகரம் அடித்த மரமாக இருந்தால் அதன் விளிம்பில் கயிறு படக்கூடாது.

அடுத்து அரிவாள். நல்ல கயிறு தானாக அறுவதில்லை, குலைக்கு ஓங்கியது கயிற்றில் படுகிறது. இறுகி நிற்கும் கயிறு லேசாகப் பட்டாலே போதும். அதனால் இடுப்புக் கயிற்றை, உள்ளே எஃகுக் கம்பி ஓடும் வகையில் வாங்கச் சொல்வேன், அதற்கேற்ற பிடிப்பானோடு.

ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. மோட்டாருக்குப் போகும் மின்கம்பி உங்கள் தோப்பின் குறுக்கே போகிறதா? எழுதவில்லை. போகிறது என்றால் கம்பி வைத்த கயிறு வேண்டவே வேண்டாம். சாதாரணக் கயிறே இரண்டாகப் போடுங்கள். நனைந்த சாதாரணக் கயிறும் மின்சாரம் கடத்தும், பச்சை மட்டையும் கடத்தும், ஏறும் கருவி இரும்பு. ஆகவே மட்டை விழுந்தால் தொடும் தூரத்தில் மின்கம்பி இருந்தால், எந்தக் கயிறானாலும் மின்சாரத்தை முறைப்படி நிறுத்தாமல் அந்த மரத்தில் ஏறக்கூடாது. காய் போனால் போகட்டும். கம்பி தாழ்ந்து கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பில் பொறுமை இழந்து ஏறியவர்களையும் தெரியும்.

2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற மரமேறும் பயிற்சியைத் தொடங்கியபோது மகிழ்ந்தவன் நான். மரமேறுகிறவர்களுக்குக் ‘கேர சுரக்ஷா’ காப்பீடும் இருக்கிறது, பையன் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் மானியத்தில் கருவி வாங்கித் தருகிறேன் என்று தோப்புக்குத் தோப்பு வரும் ஏஜென்ட்டுகளில் ஒருவராவது ஹார்னஸைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கருவிக்கு ரசீது, போட்டோ, கையெழுத்து எல்லாம் கேட்கிறார்கள். ஏறுகிறவன் இடுப்பில் என்ன கட்டியிருக்கிறான் என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

வாங்கிய அன்றே உச்சிக்கு ஏற்ற வேண்டாம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டிக்கொண்டு, சாய்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு கையால் நீளத்தை மாற்றி அரைமணி நேரம் பழகட்டும். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் கயிற்றை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்க்கட்டும். உறை கிழிந்திருந்தாலோ, உள்ளே மெத்தென்று பள்ளம் தட்டினாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். பிடிப்பானின் பல்லில் பன்னாடைத் தூசு அடைந்தால் கவ்வாது, பழைய டூத் பிரஷ் ஒன்று தேய்க்கப் போதும். கீழே எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும், இன்னொரு ஏறும் கருவியோ நீள ஏணியோ கைக்கெட்டும் தூரத்தில். ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவர் சில நிமிடங்களிலேயே மயங்கிவிடலாம்.

அந்த 16 எம்எம் கயிற்றை ஏற்கெனவே வாங்கியிருந்தால் காய் மூட்டை கட்ட வைத்துக்கொள்ளுங்கள். ஹார்னஸ் தொங்கும் ஆணியில் மட்டும் அதை மாட்ட வேண்டாம், அவசரத்தில் அதை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவான்.