கலிஃபோர்னியாவில் கிராண்ட் ஜூரி இல்லாமலே வழக்கு: செல்லுமா?

டெக்சாஸில் நண்பரின் வழக்கு கிராண்ட் ஜூரி முன் போனது, கலிஃபோர்னியாவில் தம்பியின் வழக்கு போகவில்லை, அது செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். செல்லும். கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) முன் போகவில்லை என்பதற்காக உங்கள் தம்பி மீதான கலிஃபோர்னியா வழக்கு அடிபட்டுப் போகாது. நண்பரின் வழக்கோடு ஒப்பிட்டதில்தான் குழப்பம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தை யாராவது காட்டியிருப்பார்கள். அதிலுள்ள கிராண்ட் ஜூரி உரிமை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1884இலேயே ஹுர்டாடோ வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் கலிஃபோர்னியாவிலிருந்து போன வழக்குதான்! அங்கே பெரிய குற்ற வழக்குகள் பெரும்பாலும் பூர்வாங்க விசாரணை (போதிய ஆதாரம் உண்டா என்று நீதிபதியே பார்ப்பது) வழியாகவே போகும். என்னைக் கேட்டால் அது தம்பிக்கு நல்லதுதான். வக்கீல் கூடவே இருந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கிராண்ட் ஜூரி அறையில் அதற்கு இடமில்லை. டெக்சாஸ் கிராண்ட் ஜூரியில் 12 பேரில் 9 பேர் சம்மதித்தால் குற்றச்சாட்டு பதிவாகிவிடும்.

குற்றச்சாட்டுத் தாளின் தலைப்பைப் பாருங்கள்:

1. 'கம்ப்ளெய்ன்ட்' என்றிருந்தால் பூர்வாங்க விசாரணை பெரும்பாலும் இனிமேல்தான்.
2. 'இன்ஃபர்மேஷன்' என்றால் பொதுவாக அது முடிந்துவிட்டது.
3. 'இண்டைட்மென்ட்' என்றால் கிராண்ட் ஜூரி பார்த்த வழக்கு.

தாளில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று இருந்தால் அது ஃபெடரல் (மத்திய அரசு தொடரும்) வழக்கு. மேலே சொன்னது பொருந்தாது. அப்புறம், காவலில் இருப்பவருக்குப் பூர்வாங்க விசாரணை பொதுவாக 10 நீதிமன்ற நாட்களுக்குள் நடக்க வேண்டும். அந்தக் கெடுவை விட்டுக்கொடுக்கும்முன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.