சிவக்க மறுக்கும் கட்டங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் படிவங்களில் நிறம் மாற வேண்டிய இடத்தில் மாறாமலும், மாறக் கூடாத இடத்தில் மாறியும் தொல்லை கொடுக்கும் கட்டங்களைப் பற்றியவை. கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு நாற்றங்கால் போடும் இடைவெளியில்தான் நம் பக்கத்தில் பலர் கணக்கு நோட்டைக் கணினியில் ஏற்றுகிறார்கள் போலும். நாம் எழுதும் விதிக்கு ஏற்பக் கட்டத்தின் நிறத்தை மாற்றும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்னும் வசதியைப் பற்றிய ஐந்து கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பாசன விவசாயிகளுக்காகப் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய மூன்று அணைகளின் நீர்மட்டத்தையும் நாள்தோறும் ஆக்சஸில் பதிந்து வருகிறேன். மட்டம் 140 அடியைத் தொட்டால் கட்டம் சிவக்க வேண்டும் என்று முதலில் நிரல் எழுதினேன். ஒரு வரிக்காக எழுதியது எல்லா வரிகளையும் சேர்த்துச் சிவக்க வைத்தது. பிறகு நிரலை நீக்கிவிட்டு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் "140" அல்லது அதற்கு மேல் என்று, மேற்கோள் குறிகளோடு, விதி எழுதினேன். இப்போது 98.50 அடி சிவக்கிறது, 105 அடி சிவக்கவில்லை. மணிமுத்தாறு நிரம்பி 118 அடியில் நின்ற நாளும் வெள்ளையாகவே இருக்கிறது. எங்கே தவறு?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது நிரல். பல வரிகள் தொடர்ச்சியாகத் தெரியும் படிவத்தில், வரிக்கு ஒரு கட்டம் இருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், ஆக்சஸிடம் இருப்பது ஒரே ஒரு கட்டம்தான். அதையே ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப வரைந்து காட்டுகிறது. முறுக்கு அச்சு ஒன்று, பிழியும் முறுக்கு நூறு என்பது போல. நிரலின் மூலம் நீங்கள் நிறம் மாற்றியது அச்சுக்கு. ஆகவே எல்லா வரிகளும் சிவந்தன. வரிக்கு வரி தனியாகக் கணித்து நிறம் தருவதற்கென்றே கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இருப்பதால், நிரலை நீக்கியது சரியான முடிவு.

இரண்டாவதுதான் உண்மையான வில்லங்கம். நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்பில் நீர்மட்ட எண்கள் எல்லாம் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதைக் கவனித்தேன். சீரமைப்பு எதையும் நாமாக மாற்றாதவரை, ஆக்சஸ் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒதுக்கும். உங்கள் புலம் (அட்டவணையில் நீர்மட்டம் பதியும் நெடுவரிசை) எண் வகை அன்று, எழுத்து வகை. எழுத்தாக ஒப்பிடும்போது அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்திலிருந்துதான் பார்க்கப்படும்: 98.50 என்பதன் முதல் எழுத்தாகிய 9, 140-இன் முதல் எழுத்தாகிய 1-ஐ விடப் பெரியது. உடனே "பெரியது" என்று தீர்ப்பாகிச் சிவந்துவிடுகிறது. 105-இல் முதல் எழுத்து சமம், இரண்டாவது எழுத்தான 0 என்பது 4-ஐ விடச் சிறியது, ஆகவே வெள்ளை. 105 சிவக்காமல் இருப்பது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், ஆனால் தவறான வழியில் கிடைத்த சரி. உள்ளபடியே 141 அடி வரும் நாளில் சிவக்கும். அதைப் பார்த்து விதி வேலை செய்கிறது என்று நம்பிவிடுவீர்கள் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

புலத்தை எண் வகைக்கு மாற்றுவதற்கு முன் அட்டவணைக்குக் கட்டாயம் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். "118 அடி" என்றோ "அளவு எடுக்கவில்லை" என்றோ யாராவது எண்ணோடு சொல்லையும் சேர்த்து எழுதியிருந்தால், வகை மாற்றும்போது அந்த மதிப்புகள் அழிந்து வெற்றிடமாகிவிடும். இத்தனை பதிவுகளில் மதிப்பு நீக்கப்படும் என்று ஆக்சஸ் எச்சரிக்கும்; நாம்தான் படிக்காமல் "சரி" என்று அழுத்திவிடுவோம். மதிப்பு எண்தானா என்று சொல்லும் இஸ்நியூமெரிக் என்னும் சார்பை ஒரு வினவலில் (க்வெரி) வைத்து, எண்ணல்லாத வரிகளை முன்கூட்டியே தேடித் திருத்திவிட்டு மாற்றுங்கள். பிறகு விதியில் இருக்கும் மேற்கோள் குறிகளையும் நீக்க வேண்டும்.

மூன்றாவது, 140 என்னும் எண்ணே. பாபநாசத்தின் உச்சமட்டம் 143 அடி, சேர்வலாற்றுக்கு 156, மணிமுத்தாற்றுக்கு 118. மணிமுத்தாறு எந்த வெள்ளத்திலும் 140-ஐத் தொடப் போவதில்லை. சேர்வலாறோ நிரம்புவதற்கு 16 அடி இருக்கும்போதே சிவந்துவிடும். அணைகளுக்கென்று தனி அட்டவணை வைத்து, அதில் உச்சமட்டம் என்றொரு புலம் சேர்த்து, வினவலின் மூலம் இரண்டையும் இணைத்து அந்த வினவலையே படிவத்துக்கு அடிப்படையாக்குங்கள். விதியில் "எக்ஸ்பிரஷன் இஸ்" என்பதைத் தேர்ந்து [நீர்மட்டம்] >= [உச்சமட்டம்] - 3 என்று எழுதினால், ஒரே விதி மூன்று அணைக்கும் பொருந்தும். சதுர அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். அடைப்பில்லாத புலப்பெயரை வெறும் சொல்லாக எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி மேற்கோள் குறி போட்டுவிடும் பழக்கம் ஆக்சஸுக்கு உண்டு.

அப்பள ஆர்டர்களைப் படிவத்தில் பதிகிறேன். ஆர்டர் வந்த நாளிலிருந்து ஏழாம் நாள் அனுப்ப வேண்டும். கெடு இன்று என்றால் மஞ்சள், தாண்டிவிட்டால் சிவப்பு, அனுப்பியாகிவிட்டால் பச்சை என்று மூன்று விதிகள் இதே வரிசையில் வைத்திருக்கிறேன். மஞ்சள் ஒருநாளும் வந்ததில்லை. வெள்ளையாக இருந்தது மறுநாள் நேராகச் சிவப்பாகிறது. அனுப்பிய ஆர்டர்களும் பச்சையாகாமல் சிவப்பாகவே நிற்கின்றன.
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

ஆர்டர் நாள் புலத்தில் தானாக நிரம்பும் இயல்பு மதிப்பாக நவ்() என்று கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நவ்() நாளோடு நேரத்தையும் சேர்த்தே தரும். டேட்() நாளை மட்டும் தரும். ஆக்சஸ் நாளை ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது: 30-12-1899 சுழியம், அன்றிலிருந்து நாளுக்கு ஒன்று கூடும், நேரம் அதன் பின்னமாக நிற்கும். 10-01-2025 மாலை ஆறு மணிக்கு நீங்கள் எழுதிய ஆர்டர் உள்ளே 45667.75 என்று இருக்கும். ஏழு கூட்டினால் கெடு 45674.75. கெடு நாளன்று டேட்() தருவதோ வெறும் 45674. முக்கால் நாள் வித்தியாசம் இருப்பதால் "சமம்" என்னும் மஞ்சள் விதி பொய்க்கிறது. கெடு இன்னும் பெரியதாக இருப்பதால் சிவப்பும் வராது. ஆகவே அன்று முழுவதும் வெள்ளை. மறுநாள் 45675 பிறந்ததும் சிவப்பு. புலத்தின் வடிவத்தை நாள் மட்டும் தெரியும்படி வைத்திருப்பதால் அந்த .75 உங்கள் கண்ணில் படவே இல்லை.

இயல்பு மதிப்பை டேட்() என்று மாற்றுங்கள். பழைய பதிவுகளில் ஒட்டியிருக்கும் நேரத்தை, புதுப்பிப்பு வினவல் ஒன்றில் இன்ட்([ஆர்டர் நாள்]) என்று எழுதி உதிர்த்துவிடலாம். ஆர்டர் வாங்கிய நேரமும் உங்களுக்கு வேண்டுமென்றால் புலத்தைத் தொடாமல், மஞ்சள் விதியை [கெடு] >= டேட்() ஆண்ட் [கெடு] < டேட்() + 1 என்று எழுதுங்கள்; சார்புகளையும் இணைப்புச் சொற்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

பச்சை வராததற்குக் காரணம் இரண்டு. விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்தும் விதியோடு பார்வை நின்றுவிடும். கெடு தாண்டிய ஆர்டர், அனுப்பப்பட்டிருந்தாலும், இரண்டாம் விதியிலேயே மாட்டிக்கொள்கிறது. பச்சை விதியை மேலே ஏற்றுங்கள். ஆனால் உங்கள் விதி [அனுப்பிய நாள்] <> நல் என்று இருப்பதால், ஏற்றினாலும் பச்சை வராது. நல் என்பது "இன்னும் தெரியவில்லை" என்னும் நிலை. தெரியாத ஒன்றோடு எதை ஒப்பிட்டாலும் வரும் விடையும் தெரியாததே. அந்த விடையை விதி "இல்லை" என்றே கொள்ளும். நாட் இஸ்நல்([அனுப்பிய நாள்]) என்று எழுதுங்கள்.

எங்கள் தெருவில் நடத்தும் சிறு நூலகத்தில், புத்தகத்தின் நிலையைக் காம்போ பாக்ஸ் என்னும் விரியும் பட்டியலில் "நிலுவை" என்று தேர்ந்தெடுக்கிறோம். "நிலுவை" என்றால் சிவப்பு என்று விதி கொடுத்தும் பலனில்லை.
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

காம்போ பாக்ஸ் காட்டுவது ஒன்று, வைத்திருப்பது ஒன்று. பட்டியல் வேறோர் அட்டவணையிலிருந்து வருமானால், உள்ளே பதிவது பெரும்பாலும் அந்த வரியின் எண். "நிலுவை" என்னும் சொல் இரண்டாம் நெடுவரிசையில் வெறும் முகப்பாக நிற்கிறது. நிலுவைக்கு உரிய எண் 3 என்றால் விதியிலும் 3 என்றே கொடுங்கள். சொல்லை நாளைக்கே "திரும்பவில்லை" என்று மாற்றினாலும் விதி கெடாது என்பது இதில் கூடுதல் ஆதாயம்.

ஊர்க் கோயில் கட்டளைப் பட்டியலில் "பௌர்ணமி கட்டளை" என்று உள்ள வரிகள் நீலமாக வேண்டும். பாதி வரிகள்தான் நீலமாகின்றன. மீதியிலும் அதே சொல்தான் இருக்கிறது. நான்கு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.
— ஒரு வாசகர், தென்காசி

இந்தக் கேள்விக்காகவே இம்மாதப் பகுதியை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் இது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த உதவிப் பக்கத்திலும் கிடைக்காத, நம் எழுத்துக்கே உரிய கோளாறு. ஔகாரக் குறி ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரே குறியீடு. ஆனால் தட்டச்சு செய்பவர்கள் பலர் எகரத்தின் கொம்பையும் பின்னால் ஒரு "ள"வையும் தனித்தனியாக அடித்துவிடுகிறார்கள். "பௌர்ணமி", "பெளர்ணமி" — இரண்டையும் அருகருகே வைத்தாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். லென் என்னும் சார்பைப் போட்டு நீளம் கேளுங்கள்: முதலாவதற்கு 7 வரும், இரண்டாவதற்கு 8 வரும். கணினி உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் இந்த எண்கள்.

திருத்தும்போது ஓர் எச்சரிக்கை. கொம்பும் ளகரமும் சேர்ந்த இடங்களையெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒட்டுமொத்தமாக ரீப்ளேஸ் கொடுத்துவிடாதீர்கள். "வெள்ளிக்கிழமை கட்டளை"யில் இருப்பதும் அதே கொம்பும் ளகரமும்தான், வெள்ளி உருக்குலைந்துவிடும். நான் ஒருமுறை ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் இதைச் செய்துவிட்டு, வெள்ளைச்சாமிகளையும் வெள்ளையம்மாள்களையும் ஒவ்வொருவராக உட்கார்ந்து திருத்தினேன். முழுச் சொல்லையே கொடுத்து மாற்றுங்கள்: "பெளர்ணமி" என்பதற்குப் பதில் "பௌர்ணமி". இனிமேல் கையால் அடிக்க இடம் வைக்காமல், கட்டளை வகைகளுக்கு ஓர் அட்டவணை போட்டுக் காம்போ பாக்ஸிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிடுங்கள். விதியும் பாளையங்கோட்டை வாசகருக்குச் சொன்னதுபோல் எண்ணைப் பார்க்கட்டும்.

பட்டியலில் பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பதிவுகள் இருந்தால் கதையே வேறு. அங்கே திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகுதான் எந்த விதியும் பயன்படும். தமிழ்ச் சொல்லை, ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏ நிரலுக்குள் எழுதிப் பார்க்கவும் வேண்டாம். அந்த நிரல் சன்னலுக்கு ஒருங்குறி தெரியாது; வரிசையாகக் கேள்விக்குறிகள்தாம் வரும்.

வாழைத்தார் மண்டிக் கணக்கில், பாக்கி உள்ள கட்டம் சரியாகச் சிவக்கிறது. ஆனால் சிவந்த கட்டத்தில் பணம் வந்ததைப் பதிய முடியவில்லை. சுட்டி உள்ளே போகவே மறுக்கிறது. மேலும் என்னிடம் இருப்பது 2007 பதிப்பு; நான்காவது நிறம் சேர்க்க வழி உண்டா?
— ஒரு வாசகர், களக்காடு

விதி எழுதும் சன்னலில் தடித்த எழுத்து, அடிக்கோடு, நிறம் ஆகியவற்றுக்கான பொத்தான்களோடு ஒட்டினாற்போல், கட்டத்தைச் செயல்படவோ முடங்கவோ வைக்கும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. நிறம் தேர்ந்தெடுக்கப் போன கை அதில் பட்டிருக்கிறது. அந்த விதியைத் திறந்து அதை மீண்டும் ஒருமுறை அழுத்துங்கள், பணம் பதியலாம்.

2007 வரை ஒரு கட்டத்துக்கு மூன்று விதிகளே. 2010 பதிப்பிலிருந்துதான் 50 வரை வைக்க முடியும். ஆனால் எந்த விதியும் பொருந்தாதபோது கட்டம் தன் சொந்த நிறத்தில் நிற்கும் அல்லவா? அந்தச் சொந்த நிறத்தையே உங்கள் நான்காவது நிறமாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எந்த நிலை மிகுதியாக வருமோ அதை அதற்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றுக்கு மட்டும் விதி எழுதுங்கள்.