பழைய டிவி கேம் கன்சோல்களில் நினைவாற்றல் விளையாட்டு ஏதாவது இருந்ததா? இப்போது ஆடினால் பிடிக்குமா?

இருந்தது. 1978-இல் அட்டாரி 2600-க்கு வந்த ‘ஹண்ட் அண்ட் ஸ்கோர்’ எனக்கு மிகவும் பிடித்தது. பெயர்தான் வேட்டை மாதிரி இருக்கும். உள்ளே, சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு ஜோடி தேடும் விளையாட்டு. பிறகு ‘எ கேம் ஆஃப் கான்சன்ட்ரேஷன்’ என்று பெயரை மாற்றினார்கள். ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கன்சோலுக்கும் ‘மெமரி மேட்ச்’ என்று ஒரு கார்ட்ரிட்ஜ் உண்டு. நான் அதிகம் ஆடியது அட்டாரியுடையதை, கணினியில் எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போலவே இயங்கும் மென்பொருள்) போட்டு, என் மகளோடு.

இதற்கு ஜாய்ஸ்டிக் கிடையாது. பழைய பட்டன் போன் மாதிரி 12 பொத்தான் உள்ள கீபேடில்தான் ஆட வேண்டும். திரையில் 16 அல்லது 30 கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணை அழுத்தினால் படம் திறக்கும். அடுத்த எண்ணில் அதே படம் வந்தால் ஜோடி உங்களுக்கு. சில வகைகளில் ஜோக்கர் போல எதனோடும் சேரும் கட்டமும் வரும்.

எனக்குப் பிடித்ததே அந்த எண்கள்தான். தரையில் சீட்டு பரப்பி ஆடும்போது கை தானாக அந்த மூலைக்குப் போய்விடும். இங்கே ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நாலைந்து ஆட்டம் போனதும் இடம் மறந்து எண்ணே மனதில் நிற்க ஆரம்பிக்கிறது. மகள் ‘பதினாலு, பதினாலு’ என்று முணுமுணுத்துக்கொண்டே தன் முறைக்குக் காத்திருப்பாள்.

அப்புறம், இந்த விளையாட்டின் நிரலை எழுதிய ஜிம் ஹ்யூதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த கன்சோலின் ரேம் (தற்காலிக நினைவகம்) மொத்தமே 128 பைட். கட்டத்துக்கு ஒரு பைட் ஒதுக்கினாலே 30 பைட் போய்விடும். முழுத் திரையையும் சேமித்து வைக்க இடமே இல்லை. டிவி ஒவ்வொரு வரியாக வரைய வரைய, அந்தந்த வரியில் என்ன வர வேண்டும் என்று நிரல் அந்த நொடியிலேயே சொல்லிக்கொண்டே போக வேண்டும். அப்படிப்பட்ட பெட்டிக்குள் 30 கட்டங்களையும் படங்களையும் அடக்கியிருக்கிறார்!

இன்றைய கண்ணுக்குப் படங்கள் கரடுமுரடாகத் தெரியும், சத்தமும் குறைவு. ஆனாலும் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினால் நிச்சயம் பிடிக்கும். முதலில் 16 கட்டத்தில் கை பழகிவிட்டு 30-க்குப் போங்கள்.