எள்ளுத்தாத்தாவின் சமாதிக் கல்லை எப்படிப் படிப்பது?

கேள்வி: எங்கள் பூர்வீகம் பொன்னேரி தாண்டி ஒரு சின்ன கிராமம். தாத்தா வேலைக்காகத் தண்டையார்பேட்டை வந்துவிட்டார். ஊரில் பனந்தோப்பு ஓரமாக எங்கள் குடும்பச் சமாதிகள் 9 இருக்கின்றன. ஒன்றில் மட்டும் எழுத்து தெரிகிறது: தாத்தாவின் பெயர், அதன் கீழ் ‘சித்திரபானு வருஷம் ஆடி மீ 12உ’. ஆனால் தாத்தாவை அடக்கம் செய்தது சென்னையில், மூலக்கொத்தளம் மயானத்தில். அப்படியானால் அந்தக் கல் யாருடையது? ஊர்க்காரர் ஒருவர் 40,000 ரூபாயும் ஒரு பத்திரத்தில் கையெழுத்தும் கொடுத்தால் ஏழு தலைமுறை வம்சாவளி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

— வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்னோர் பெயரைத் தேட உங்கள் கையெழுத்து எதற்கு? நில அளவராக 30 வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், இப்படி நீட்டப்படும் தாள் பெரும்பாலும் உங்கள் சார்பில் நிலத்தை விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரமாக இருக்கும், இல்லையென்றால் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற சம்மதக் கடிதமாக இருக்கும். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் இன்று நிலம் விற்கிற விலைக்கு, பனந்தோப்பு ஓரத்து 5 சென்டுக்கும் ஆள் காத்திருக்கிறது. சமாதியைக் காட்டி வாரிசுகளைத் திரட்டுவார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு சமாதியே இருக்காது. ஏழு தலைமுறை என்று பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்குக் காகிதத்தில் நான்கு தலைமுறை கிடைத்தாலே பெரிய விஷயம். மீதியை அவர்கள் சொந்தமாக எழுதிக் கொடுப்பார்கள்.

இப்போது கல்லுக்கு வருவோம். தாத்தா பெயர் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். முனுசாமியின் மகன் கோவிந்தசாமி, அவர் மகன் மறுபடி முனுசாமி என்று ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஒரே பெயர் வரும். ஆகவே அந்தக் கல் பெரும்பாலும் உங்கள் தாத்தாவின் தாத்தாவுடையது, அதாவது உங்களுக்கு எள்ளுத்தாத்தா.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ‘மீ’ என்பது மாதக் குறி. 12-க்குப் பின்னால் உள்ள ‘உ’ தேதிக் குறி. பழைய தமிழ் எண்ணில் 2-ம் ‘உ’ போலவே இருப்பதால் பலர் அதையும் எண்ணாக்கி 122 என்று படித்துவிட்டுத் திகைப்பார்கள். கல்லின் உச்சியில் தனியாக ஒரு ‘உ’ இருந்தால் அது பிள்ளையார் சுழி. மற்ற கற்களில் க, ச, ரு, சு, எ, அ என்று தொடர்பில்லாத எழுத்துகள் தெரிந்தால் அவை முறையே 1, 4, 5, 6, 7, 8 ஆக இருக்கலாம்.

சித்திரபானு 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும். உங்கள் கல் 1942 அல்லது 1882. இரண்டில் எது என்று தீர்மானிக்கக் கிழமை போதும். 60 வருஷம் தள்ளினால் அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் விழாது, 5 அல்லது 6 நாள் நகர்ந்துவிடும். கிழமையோ நட்சத்திரமோ பெரும்பாலும் தேதிக்குக் கீழே இருக்கும், உங்கள் கல்லில் அது மண்ணுக்குள் போயிருக்கலாம். கையால் மண்ணை விலக்கி, காய்ந்த தேங்காய் நாரால் மெதுவாகத் துடையுங்கள். கடப்பாரை கூடாது, ஆசிட் கூடவே கூடாது. பெயின்ட் அடித்து, சிமென்ட் பூசி ‘புதுப்பிக்கும்’ ஆசையை இப்போதைக்கு விடுங்கள். என் அத்தை வீட்டுச் சமாதியில் பாசத்தோடு பூசிய சிமென்டுக்கு அடியில் இரண்டு பெயர்கள் போய்விட்டன, இன்றுவரை மீட்க முடியவில்லை. சூரியன் சாய்ந்து அடிக்கும் காலை 7 மணிக்கோ, இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தோ பார்த்தால், பகலில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து எழும். அப்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிழமை கிடைத்துவிட்டால் பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஜோதிடர் ஐந்து நிமிஷத்தில் வருஷத்தைச் சொல்லிவிடுவார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் அதிகம். சுவீகாரம், அதாவது தத்து, போனவருக்கு இனிஷியல் மாறும். பிறந்த வீட்டில் ‘கோ. முனுசாமி’, சுவீகாரம் போன வீட்டில் ‘ரா. முனுசாமி’. சமாதி சுவீகார வீட்டு நிலத்தில், சுவீகாரத் தகப்பன் இனிஷியலோடு இருக்கும். பழைய பத்திரத்திலோ பிறந்த வீட்டுத் தகப்பன் பெயர் வரும். ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணி, இல்லாத அண்ணன் தம்பியை உண்டாக்கிவிடுவீர்கள். பத்திரத்தில் ‘சுவீகார புத்திரன்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் இரண்டு வீட்டு வம்சாவளியையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். எழுதாமல் வைத்திருந்து பிறகு குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிகளின் வழியை இந்தத் தோப்பில் தேடாதீர்கள். அவர்கள் பிறந்த ஊரில்தான் கிடைக்கும்.

கல்லுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பவர் கொள்ளுத்தாத்தா. அவரைக் கண்டுபிடிக்கச் சென்னையிலேயே தொடங்கலாம். தாத்தாவின் இறப்புப் பதிவை மாநகராட்சியில் எடுங்கள், அதில் அவர் தகப்பனார் பெயர் இருக்க வேண்டும். அடுத்தது ஊர் நிலப் பத்திரங்கள். ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று ஆன்லைனில் ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். கிரயப் பத்திரத்தை விடப் பாகப்பிரிவினைப் பத்திரம் நல்லது, மூன்று தலைமுறை ஒரே இடத்தில் வரும். ‘நான்கெல்லை’ பகுதியில் ‘எங்கள் குடும்ப சமாதிக்கு வடக்கு’ என்ற மாதிரி வரி இருந்தால் அது தங்கம். பழைய தாள்களில் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று இருக்கும், திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது 1997-ல்தான். சர்வே எண்ணும் மாறியிருக்கலாம். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திருத்தத்துக்கு முன் என்ன எண், பின் என்ன எண் என்று இரண்டையும் கேளுங்கள்.

‘பழைய பதிவேடெல்லாம் இல்லைம்மா’ என்று அலுவலகத்தில் பீரோவைத் திறக்காமலே சொல்வார்கள். 1980-ல் ஊர்க் கணக்கு பார்த்த கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது கணக்குகள் கைமாறின, பல ஊர்களில் காணாமல் போனது உண்மைதான். ஆனால் தேடிப் பார்த்து இல்லை என்பது வேறு, தேடாமலே இல்லை என்பது வேறு. மக்கள் வாழ்ந்து செத்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்கள். அதைக் கரையான் தின்னும்படி மூட்டையாகக் கட்டிப் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், ‘இல்லை’ என்றாலும் எழுத்தில் தர வேண்டும். அலுவலக வாசலில் நிற்கும் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள், அவர் எழுதுவதும் இதே மனுவைத்தான்.

ஊரில் ஆடி அமாவாசைக்கு அந்தச் சமாதிகளில் படையல் வைப்பவர் யார் என்று கேட்டு அவரைப் போய்ப் பாருங்கள். 9 கல்லுக்கும் யார் யாருக்கு எந்த இலை என்று அவருக்குத் தெரியும். வயதானவராக இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள். பத்திரங்களை அடுத்த மாதம்கூடத் தேடலாம்.