முதல் 21 கிலோமீட்டர் – கடிதம்

வணக்கம்.

எனக்கு 38 வயது. தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை. ஆறு மாதமாக வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். 5 கிலோமீட்டரை 34 நிமிடத்தில் முடிப்பேன். முடிக்கும்போது வாயில் பேச்சு வராது. ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் பதினாறு வாரம் இருக்கிறது. இரண்டு வாரமாக இடது கணைக்கால் எலும்பின் ஓரம் வலிக்கிறது. கூட ஓடுபவர்கள் வேகத்தைக் கூட்டினால்தான் 21 கிலோமீட்டர் கைவரும் என்கிறார்கள். என்ன செய்வது? அன்றைக்கு என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது? கடைசி ஆளாக வந்து நிற்பேனோ என்ற பயமும் இருக்கிறது.

மாலதி

அன்புள்ள மாலதி,

வேகத்தைக் கூட்டாதீர்கள். குறையுங்கள். வாரத்தில் நான்கு நாளும் பந்தயம் ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். கணைக்கால் வலியின் வேர் அங்கேதான்.

ஆறு மாதத்தில் இதயமும் நுரையீரலும் நன்றாகப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் இன்னும் காலம் வேண்டும். தொடர்ந்து அடி விழும் இடத்தில் எலும்பு முதலில் பழைய திசுவைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. கரைத்து முடித்து, இன்னும் கட்டி முடிக்காத அந்தச் சில வாரங்களில் அது முன்பைவிட வலுக்குறைந்து இருக்கும். ‘மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று புதியவர்கள் தூரத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

முதலில் வலியைச் சோதித்துவிடுங்கள். கணைக்காலின் உட்புற ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது ஷின் ஸ்ப்ளிண்ட், அதாவது எலும்பை ஒட்டிய திசு நொந்துபோவது. ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, தூரத்தைப் பாதியாக்கினால் பொதுவாக அடங்கும். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் ‘சுரீர்’ என்றாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்கவில்லை என்றாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது என்பதால், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று மறுபடி ஓடக் கிளம்பிவிடாதீர்கள். இது விரிசலானால் ஜனவரியை விட்டுவிட வேண்டியதுதான். அதில் ஒரு குறையும் இல்லை.

சாதாரண ஷின் ஸ்ப்ளிண்ட்தான் என்று தெரிந்தால், வலி அடங்கிய பின் வேகத்துக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள் என்பதை முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு 8 நிமிடத்தை ஒட்டி வரும். கூச்சமாக இருக்கும், பலர் உங்களைத் தாண்டிப் போவார்கள். இருக்கட்டும். காலைத் தூர எட்டிப் போடாமல், அடியைச் சின்னதாக, இடுப்புக்கு நேர் கீழே வையுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள்: ‘தொப் தொப்’ என்று சத்தம் பெரிதாக வந்தால் அந்த அதிர்ச்சியைக் கணைக்கால்தான் வாங்குகிறது.

வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும். இரண்டு நாள் 4 முதல் 6 கிலோமீட்டர். ஞாயிறு நீண்ட ஓட்டம். அது வாரம் வாரம் இப்படி ஏறட்டும்: 6, 7, 8, 6. 9, 10, 11, 8. 12, 14, 15, 10. 16, 18, 11, பதினாறாவது வாரம் பந்தயம். நான்காவது வாரங்களில் குறைவது சோம்பலுக்காக அல்ல, எலும்பு கட்டி முடிக்கத்தான். அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கால் வலிக்கு ஒரு வாரம் போய்விட்டால் அட்டவணையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, இரண்டாம் தொகுதியில் ஒரு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். 21 கிலோமீட்டரை முன்கூட்டியே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. ஓடாத இரண்டு நாளில், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று.

உங்கள் பயிற்சியின் நடுப்பகுதி அப்படியே வடகிழக்குப் பருவமழையில் விழுகிறது. மின்னல் இல்லாத மழையில் ஓடலாம். தண்ணீர் தேங்கிய ரோட்டில் கூடாது, குழி தெரியாது. நனைந்த ஷூவை வெயிலில் வைத்தால் பசை விடும். உள்ளே பாதம் படும் அட்டையை (இன்சோல்) உருவிவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும்.

இன்னொன்று. வண்டிக்கு எதிர்முகமாக ரோட்டின் வலது ஓரத்தில்தானே ஓடுவீர்கள்? மழைநீர் வடிவதற்காக ரோடு ஓரம் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே சரிவில் ஓடினால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முட்டியும் இடுப்பும் பேசத் தொடங்கும். வாரம் ஒரு நாளாவது பள்ளி மைதானம் மாதிரி சமதளத்துக்குப் போங்கள். அங்கேயும் பாதிச் சுற்றுகளை எதிர்த்திசையில் ஓடுங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பந்தயத்துக்குப் புது ஷூ, புது சாக்ஸ், அங்கே கொடுக்கும் புது டீ-ஷர்ட் எதுவும் வேண்டாம். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து, பத்தாவது கிலோமீட்டருக்கு மேல் தோலை உரசிப் புண்ணாக்கும். உள்தொடை, அக்குள், பிராவின் அடிப்பட்டை படும் இடம் மூன்றிலும் வாசலின் தடவுங்கள்.

சாப்பாடு. முந்தைய இரவு வெள்ளைச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. கீரை, சுண்டல், சிறுதானியம் எல்லாம் நல்லவைதான். ஆனால் நார்ச்சத்து அதிகாலை நான்கு மணிக்குக் கழிப்பறை வரிசையில் நிற்க வைக்கும். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும். வழியில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டை நீக்கிய நாலு பேரீச்சம்பழம். ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து. 12 கிலோமீட்டர் ஓட்டத்திலிருந்தே இதைச் செய்து வயிற்றைப் பழக்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கு அது அதிகமாக வந்தது. அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தார்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், தண்ணீர் குடிக்காமல், ஈர உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். எடை 700 கிராம் இறங்கியிருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 700 மில்லி. அதற்கு மேல் ஒருபோதும் குடிக்காதீர்கள். தாகத்துக்கு நாலு வாய் போதும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். அதனால் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். கண்மதிப்பாகக் கொஞ்சம் தூவுவது பயன்படாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. உடலில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

கடைசி ஆள் பயத்துக்குக் கணக்கே பதில். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே போங்கள். ஓட்டம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 45 விநாடி, நடை 11 நிமிடம் என்றால் 21.1 கிலோமீட்டர் 2 மணி 54 நிமிடத்தில் முடியும். உங்கள் பந்தயத்தின் கால வரம்பை விதிமுறையில் பார்த்து இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பதற்கு முன் நடப்பது வேறு. முதல் நடை ஐந்தாவது நிமிடத்திலேயே வரட்டும். எண் அட்டையின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப் நீங்கள் தொடக்கக் கோட்டுப் பாயை மிதிக்கும்போதுதான் உங்கள் நேரத்தை எண்ணத் தொடங்கும். ஆகவே கூட்டத்தின் பின்பக்கம் நில்லுங்கள். அட்டையை மடிக்காமல் வயிற்றுக்கு முன்னால் குத்துங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், வியர்த்துக்கொண்டிருக்கும்போதே குளிர் நடுக்கம் – இவற்றில் எது வந்தாலும் நின்று, தன்னார்வலரைக் கூப்பிடுங்கள்.

முடித்தவுடன் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், ஈர உடையை மாற்றுங்கள், உப்புப் போட்ட மோர் குடியுங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை பிடிக்கும்; கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினால் வலி குறையும்.